கேட்டவருக்குக் கொடுக்கவேண்டிய வண்டி

லாப்புவா, 24 மே 1992

அன்புள்ள கலேவி சித்தப்பாவுக்கு,

நான் மெர்வி, உங்கள் அண்ணன் ரைமோவின் மகள். நீங்கள் பின்லாந்தை விட்டு ஸ்வீடனுக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. உடம்பு எப்படி இருக்கிறது? கோதன்பர்க்கில் மழை அதிகம் என்று பூகோளப் பாடத்தில் படித்தேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதால் அப்படி எழுதினேன்.

உங்கள் முகவரி அப்பாவின் ஸ்பேனர் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மூன்று முகவரிகளை அடித்துவிட்டு நான்காவதாக இது இருந்தது. நீங்கள் வீடு மாறும்போதெல்லாம் அப்பா மாற்றி எழுதியிருக்கிறார்.

அப்பா மார்ச் பதினான்காம் தேதி இறந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா தந்தி கொடுத்தாள். இதயம்தான் என்று டாக்டர் சொன்னார். கராஜில், வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தார். அன்றிலிருந்து அம்மா கராஜைப் பூட்டி வைத்திருக்கிறாள். அப்பாவைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் ஆரம்பித்தால், "தட்டுல இருக்கறத சாப்பிடு" என்கிறாள்.

உள்ளே இருப்பது அப்பா கடைசியாகக் கட்டிய பந்தயக் கார். கடுகு மஞ்சள் நிறம். ஒரு பந்தயத்தில்கூட ஓடாதது. செப்டம்பர் கடைசியில் பழைய இரும்புக்காரன் லாரியோடு வந்து எடுத்துப்போவான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதை நசுக்கிவிடுவார்கள், சித்தப்பா. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். அப்பா பந்தயம் ஓட்டிய கதைகளையும் எழுதுங்கள். எனக்கு வேறு யாரும் சொல்வதில்லை.

பதிலை லாவ்ரி மாமாவின் பெட்ரோல் பங்க் முகவரிக்கு அனுப்புங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம் இருப்பதால் டார்ச் வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்தில் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும் என்பதுதான் பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்வி

*

கோதன்பர்க், 9 ஜூன்

அன்புள்ள மெர்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு கதவு. அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல் என்று எழுத வந்தேன். நீ சொல்ல முடியாது என்பது ஞாபகம் வந்தது.

எனக்குக் கதை எழுத வராது. உன் அப்பா நன்றாக ஓட்டுவான். வண்டி விஷயத்தில் நான் கருத்துச் சொல்வது முறையாக இருக்காது. அம்மா சொல்வதைக் கேட்டு நட.

கலேவி

*

லாப்புவா, 22 ஜூன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் தேவலையா? நாங்கள் நலம். கோடைத் திருநாளுக்கு ஊரே ஏரிக்கரையில் தீ மூட்டியது. அம்மா தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். போன வருடம் அந்தத் தீயில் முதல் கட்டையைப் போட்டது அப்பா.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சின்னதாக இருந்ததால் சுலபமாக இருந்தது. கோபப்படாதீர்கள்.

ஹெல்சிங்கியிலிருந்து எங்கள் வகுப்புக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளிடம் நம் ஊர்ப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். பந்தயம் முடிந்ததும் எந்த வண்டியையும் யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம், ஜெயித்த வண்டிக்கும் தோற்ற வண்டிக்கும் ஒரே விலைதான், சொந்தக்காரன் மறுக்க முடியாது என்றேன்.

"மறுத்தா?"

"பந்தய லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"நீ கஷ்டப்பட்டுச் செஞ்ச வண்டிய இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போவானா? இது என்ன பைத்தியக்கார ஊரு?"

பணக்காரன் ஒருவன் ஏகப்பட்ட செலவில் வண்டி கட்டி எல்லாரையும் தோற்கடித்துவிடக் கூடாது, அதனால்தான் இந்த விதி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குக்கூட இப்போதுதான் அது எவ்வளவு கொடுமையான விதி என்று புரிகிறது. செப்டம்பர் 13ஆம் தேதி அப்பா நினைவாக ஒரு பந்தயம் வைக்கிறார்கள். பந்தயக் கிளப் தலைவர் லாவ்ரி மாமாதான். அப்பாவின் வண்டி அதில் ஓடினால் இரும்புக்காரனிடமிருந்து தப்பிக்கும். ஆனால் ஓடினால் யாராவது கேட்டுவிடுவார்கள். அப்பாவின் வண்டி என்றால் மூன்று மாவட்டத்திலிருந்தும் வருவார்கள் என்கிறார் லாவ்ரி மாமா.

அது வேறு எங்கும் போகக் கூடாது, சித்தப்பா. எங்கள் கராஜிலேயே இருக்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

மெர்வி

*

கோதன்பர்க், 8 ஜூலை

அன்புள்ள மெர்விக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும். கோடை விடுமுறை இன்று தொடங்கியது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதால் எழுதுகிறேன். போன கடிதம் சின்னதாக இருந்தது என்று நீ சொன்னது சரி.

உன் அப்பா ஒருநாளும் ஜெயித்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே. இருபது வருடத்தில் ஒரே ஒரு தடவை மூன்றாம் இடம்; நான் கிளம்பிய பிறகு நடந்ததெல்லாம் ஊர்க்காரர்கள் எழுதித் தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வாரம் முழுக்க மர மில்லில் பலகை அறுப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவுனாவில், அந்த நீராவி அறையில், உட்கார்ந்து உடம்பிலிருந்து மரத்தூளைக் கழுவுவான். சனி முழுக்க வண்டி. ஞாயிறு மைதானம். அது மைதானமா? மண்ணைத் தள்ளி வளையமாகப் போட்ட பாதை. ஆறு வண்டி ஒன்றாகக் கிளம்பும். முதல் வளைவுக்குள் ஒன்று கவிழும், அது பெரும்பாலும் அவனுடையதாக இருக்கும். ஒருமுறை வேலியை உடைத்துக்கொண்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் தலைகீழாய் விழுந்தான். தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். இவன் சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கேட்கிறான்: "கிழங்கு இந்த வருஷம் எப்படி?" அவர் சிரித்துவிட்டார். ஒரு மூட்டை கொடுத்து அனுப்பினார்.

அண்ணியைச் சந்தித்ததும் மைதானத்தில்தான். அவள் காப்பிக் கடை போட்டிருந்தாள். முகமெல்லாம் புழுதியோடு போய் நின்றான். அவள் சொன்னாள்: "மொதல்ல வாயக் கொப்பளிச்சுட்டு வா. என் காப்பிய மண்ணோட குடிக்க விடமாட்டேன்." அதற்கப்புறம் அவன் ஒரு பந்தயத்தையும் விட்டதில்லை. காப்பிக்காகப் போகிறானா பந்தயத்துக்காகப் போகிறானா என்று நாங்கள் கேலி செய்வோம். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் எல்லா ஞாயிறும் வந்தாள்.

பத்துப் பதினைந்து வண்டி கட்டியிருப்பான். எல்லாவற்றையும் யாராவது கேட்டார்கள், எல்லாவற்றையும் கொடுத்தான். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. மறுநாளே அடுத்த வண்டிக்குக் கம்பி வளைக்க ஆரம்பித்துவிடுவான்.

இவ்வளவு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா

*

லாப்புவா, 26 ஜூலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? இங்கே நலம். அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை வேலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறாள். ஞாயிறு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போல.

உருளைக்கிழங்குக் கதையைப் படித்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா பக்கத்து அறையில். சிரிப்புக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

எனக்கு இந்த வாரம் பதினைந்து வயது முடிந்தது. சிறுவர் பிரிவில் ஓட்டலாம், ஆனால் பெற்றோர் சம்மதத்தாளில் கையெழுத்து வேண்டும். அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். எட்டுத் தாள் வீணாகி ஒன்பதாவது சரியாக வந்தது. அதிலிருந்து தூக்கம் இல்லை. டெலிபோன் மணி அடித்தால் கிளப்பிலிருந்துதானோ என்று நினைக்கிறேன்.

லாவ்ரி மாமா தன் வயலில் ஒரு பழைய வண்டியை வைத்து எனக்கு ஓட்டச் சொல்லித் தந்தார். "உங்கப்பன் மாதிரியே வளைவுல மூச்ச அடக்குற. அடக்காத கண்ணு, மயங்கிடுவ" என்கிறார். அம்மா கையெழுத்துப் போட்டாள் என்று அவரும் நம்புகிறார். பந்தயத்தன்று அம்மா வேலைக்குப் போனதும் சாவியை எடுத்து, அவருடைய டிரெய்லரில் வண்டியை ஏற்றிவிடுவேன்.

ஒரு வண்டியை நிறையப் பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள் இல்லையா? என் வண்டியை நானே கேட்க முடியாது. ஆனால் நமக்கு வேண்டியவர்கள் கேட்கலாம். அவர்கள் பெயருக்கு மாறிவிட்டால் அம்மா அதை இரும்புக்காரனிடம் கொடுக்க முடியாது. லாவ்ரி மாமா கேட்பதாகச் சொல்லிவிட்டார். நீங்களும் வந்து கேட்டால் நம் பக்கம் இரண்டு சீட்டு ஆகிவிடும். அதற்காகத்தான் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் அதற்காகவும்தான்.

உங்களைக் கூப்பிடப்போவதாகச் சொன்னதும் லாவ்ரி மாமா பெட்ரோல் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கலேவியையா? வேற யாரையாவது கேளு கண்ணு" என்றார். ஏன் என்றதற்கு, "அத அவன்தான் சொல்லணும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஏன், சித்தப்பா?

மெர்வி

*

லாப்புவா, 16 ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? மூன்று வாரமாகத் தினமும் பெட்ரோல் பங்குக்குப் போகிறேன். லாவ்ரி மாமா என்னைப் பார்த்ததுமே 'இல்லை' என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

பள்ளி திறந்துவிட்டது. பால் பண்ணைச் சுவரில் அப்பா பெயர் போட்ட பந்தய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அம்மா அந்த வழியாகப் போகாமல் சைக்கிளைச் சுற்றி ஓட்டுகிறாள். ராத்திரி இருட்ட ஆரம்பித்துவிட்டது. போர்வைக்குள் டார்ச்சோடு எழுதுகிறேன்.

நான் கேட்டது தப்பு என்றால், கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்வி

*

கோதன்பர்க், 23 ஆகஸ்ட்

அன்புள்ள மெர்விக்கு,

நீ கேட்டது தப்பில்லை. நலமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் பொய்யாக இருக்கும்.

1979இல் நானும் உன் அப்பாவும் சேர்ந்து ஒரு வண்டி கட்டினோம். ஒரு குளிர்காலம் முழுக்க, இரண்டு பேரும் ஒரே ஜோடிக் கையுறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. வண்டி அவன் பெயரில் இருந்தது. நான் ஸ்வீடனுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் கடைசிப் பந்தயத்தை நான் ஓட்டவேண்டும் என்று பேசிக்கொண்டோம். அன்றைக்கு முதல் சுற்றுகளை அவன் ஓட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றான். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "கலேவி, இத மட்டும் நான் ஓட்டிக்கறேன்டா" என்றான். மூன்றாம் இடம் வந்தான். அந்த ஒரே மூன்றாம் இடம்.

எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கிளப் மேசைக்குப் போய், சீட்டில் என் பெயரை எழுதி, அந்த வண்டியை விலைக்குக் கேட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. நாங்கள் அண்ணன் தம்பி, பேசிவைத்துத்தான் கேட்கிறேன் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். விதிப்படி எல்லாம் சரி. அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டான், சாவியைக் கொடுத்தான். என் கையைக்கூடக் குலுக்கினான்.

கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். ஒருநாளும் ஓட்டவில்லை. ஆறு வருடம் மழையில் கிடந்து துருப்பிடித்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே பதின்மூன்று வருடம் போய்விட்டது. மார்ச்சில் தந்தி வந்ததும் டிக்கெட் எடுத்துத் துறைமுகம் வரை போனேன். கப்பல் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த மேசைக்கு என்னை மறுபடி வரச் சொல்லாதே, மெர்வி.

கலேவி

*

லாப்புவா, 30 ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் மேல் ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு ஸ்பேனர் பெட்டியின் மூடி ஞாபகம் வந்தது. நான்கு முகவரி. கோபம் போய்விட்டது.

நீங்கள் சொன்னதால் நானும் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதது.

அப்பா கையில் எடை எதையும் தூக்கக்கூடாது, வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் ஜனவரியில் சொல்லியிருந்தார். அம்மா கராஜ் சாவியை ஒளித்துவைத்தாள். இருக்கும் இடம் எனக்குத் தெரியும். மார்ச் பதின்மூன்று ராத்திரி அம்மா தூங்கியபிறகு அப்பா என் கதவைத் தட்டி, "சாவி எங்கன்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு மணி நேரம்தான். அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று விளக்கும் பிடித்தேன். பன்னிரண்டு மணிக்கு, "போய்த் தூங்கு, பள்ளிக்கூடம் இல்லன்னாலும் தூக்கம் வேணும்" என்று அனுப்பிவிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். சாவி கொடுக்காமல் இருந்திருக்கலாம். காலையில் அம்மாதான் பார்த்தாள்.

சாவியை அவரே தேடி எடுத்துக்கொண்டார் என்று அம்மா நினைக்கிறாள். அந்த வண்டியை வெறுக்கிறாள். அவள் வெறுக்கவேண்டியது என்னைத்தான்.

உங்களை வரச் சொல்லி இனி எழுதமாட்டேன்.

மெர்வி

*

கோதன்பர்க், 6 செப்டம்பர்

அன்புள்ள மெர்விக்கு,

உன்மேல் தப்பில்லை என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை. அவன் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை, அன்றைக்கு அந்த ஹெல்மெட் விஷயத்தில் நான்கூடச் சொல்லவில்லை. இதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணியிடம் சொல்லிவிடு. பதின்மூன்று வருடம் ஆக விடாதே. முதல் வாரத்தில் சொல்லியிருக்கக்கூடியதை இரண்டாவது வாரத்தில் சொல்வது கஷ்டம். ஒரு வருடம் போனபின் அதற்கு வாயே திறக்காது.

வளைவில் மூச்சை அடக்காதே.

சித்தப்பா

*

லாப்புவா, 14 செப்டம்பர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? நேற்றுப் பந்தயம் முடிந்தது.

மைதானத்தில் நுழைந்ததும் ஸ்வீடன் நம்பர் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தேன். பார்க்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் சுற்றில் ஆறாவது. இரண்டாவது சுற்றில் நான்காவது. கவிழவில்லை. அப்பாவின் வண்டி வளைவில் பின்பக்கத்தை வீசும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து "விடு, விடு, அதுவே வரும்" என்று சொல்வதுபோல் இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் ஒன்றுமே கேட்கவில்லை. என்ஜின் சத்தம் மட்டும்தான். மூச்சை மட்டும் அடக்கவில்லை.

பிறகு மேசை. மூன்று சீட்டு. ஒன்று லாவ்ரி மாமா, ஒன்று அப்பாவோடு மில்லில் வேலை செய்தவர். மூன்றாவது பக்கத்து ஊரான கௌஹவாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, பால் லாரி ஓட்டுகிறவர், பெயர் ஐலா. கிளப் செயலாளர் தகர டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுத்தார். ஐலாவின் பெயர்.

என்னால் சாவியை நீட்ட முடியவில்லை. கை பாக்கெட்டிலேயே இருந்தது. கொடுக்காவிட்டால் லைசென்ஸ் போகும், அவ்வளவுதானே, போகட்டும் என்று நினைத்தேன். அப்போது ஐலா என்னிடம், "இதோட குணம் எப்படி? சொல்லு, தெரிஞ்சாத்தானே ஓட்ட முடியும்" என்றார். விலையைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ பேசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது கியர் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தட்டிப் போடவேண்டும். பிரேக் போட்டால் வலப்பக்கம் இழுக்கும்.

"குளிர்ல கிளம்பாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டு தடவ சாவியத் திருப்பி விட்டுட்டு, மூணாவது தடவ திட்டிக்கிட்டே திருப்பணும்."

அம்மா. ஆஸ்பத்திரிச் சமையலறையின் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள்.

"திட்டாம திருப்பினா?" என்றார் ஐலா.

"அவர் ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல. அதனால தெரியாது."

நான் சாவியைக் கொடுத்தேன். கைகுலுக்கினேன். மஞ்சள் வண்டியை டிரெய்லரில் ஏற்றி, நெடுஞ்சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். சம்மதத்தாளைப் பற்றிச் செயலாளர் என் காதில் சொன்னார்: "உங்கம்மாவுக்கு அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேன். 'என் கையெழுத்துதான், என்ன இப்போ'ன்னு சொல்லி போன வச்சுட்டா."

வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாலத்தருகே வந்ததும் சொல்லிவிட்டேன். சாவி, விளக்கு, பன்னிரண்டு மணி, எல்லாம். அம்மா நிற்கவில்லை. நடந்துகொண்டேதான் இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்குக் காலைல அங்க ரெண்டு காப்பிக் கப் இருந்துச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள ரெண்டையும் கழுவி வச்சுட்டேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். நாளாக ஆக எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டாள்: "அன்னிக்கு என்ன பேசிக்கிட்டிருந்தாரு?"

அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள். மார்ச்சிலிருந்து இதைத்தான் கேட்க நினைத்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது, சித்தப்பா. 'உன்னைப் பத்தித்தான் பேசினாரு' என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. வேறொன்றும் பேசவில்லை, முன் சக்கர பேரிங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றேன்.

அம்மா சைக்கிளை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கத்து பேரிங்?" என்றாள்.

"இடது."

"என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லு."

நான் சொன்னேன். இருட்டும்வரை பாலத்தில் நின்றுகொண்டு, ஞாபகம் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
மெர்வி